கெர்னல் மாட்யூலுக்குள் இருந்தே கோப்பு உருவாக்கி எழுதலாமா?

கேள்வி, 2023 பிப்ரவரி 11

லினக்ஸ் கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையத்தில், ஏற்றும் ஒரு மாட்யூல் எழுதுகிறேன். போர்டின் ஒரு ஜிபிஐஓ பின்னில் (வெளிச் சமிக்ஞைக்கான கால்) வரும் ஒவ்வொரு இன்டரப்டுக்கும் (சிபியூவை இடைமறிக்கும் அழைப்பு) நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். பழைய எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்த்து செட்_எஃப்எஸ்(கெட்_டிஎஸ்()), ஃபில்ப்_ஓப்பன் (கோப்பைத் திறக்க), விஎஃப்எஸ்_ரைட் (எழுத) என்று எழுதினேன். புதிய கெர்னலில் கம்பைலே ஆகவில்லை. பழைய போர்டு ஒன்றில் கம்பைல் ஆனது. இன்ஸ்மாட் செய்து மாட்யூலை ஏற்றும்போது ஒரு வரி எழுதுகிறது, ஆனால் இன்டரப்ட் வந்ததும் இயந்திரம் உறைந்துவிடுகிறது. தனியாக ஒரு பயனர் நிரல் வைக்க விருப்பமில்லை, மாட்யூலே எழுத வேண்டும். தேடிய இடத்தில் எல்லாம் "செய்யாதே" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். ஏன் என்றாவது யாராவது சொல்லுங்கள்.

பிப்ரவரி 11, இரவு 9:40

செய்யலாம். லினக்ஸில் அதற்கான ஃபங்ஷன்கள் மாட்யூல்களுக்குத் திறந்துதான் இருக்கின்றன.

முதலில் கம்பைல் விஷயம். கெட்_டிஎஸ் கெர்னல் 5.1 பதிப்பில் போய்விட்டது. செட்_எஃப்எஸ் எக்ஸ்86-இல் (இன்டெல், ஏஎம்டி சில்லுகளின் கட்டமைப்பு) 5.10-உடன் போனது, மற்ற கட்டமைப்புகளில் ஒட்டிக்கொண்டிருந்ததையும் 5.18-இல் துடைத்துவிட்டார்கள். விஎஃப்எஸ்_ரைட் இன்னும் இருக்கிறது, ஆனால் 4.14-க்குப் பிறகு மாட்யூல்களின் கைக்கு எட்டாது. ஆகவே உங்கள் எடுத்துக்காட்டில் உயிரோடு இருப்பது ஃபில்ப்_ஓப்பன் மட்டும்தான்.

இப்போது தேவை மூன்றே அழைப்புகள்: ஃபில்ப்_ஓப்பன், கெர்னல்_ரைட், ஃபில்ப்_குளோஸ். கெர்னல்_ரைட்டுக்குக் கடைசியாகக் கொடுப்பது கோப்பில் எந்த இடத்தில் எழுத வேண்டும் என்பது. 4.14-க்கு முன் அதை வெறும் எண்ணாகக் கொடுத்தோம், இப்போது அந்த எண் இருக்கும் முகவரியைக் கொடுக்க வேண்டும். எழுதி முடித்ததும் அதுவே நகர்ந்திருக்கும். ஒவ்வொரு முறையும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கினால் முதல் வரியின் மேலேயே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருப்பீர்கள். திறக்கும்போதே ஓ_அப்பெண்ட் (எப்போதும் கோப்பின் முடிவில் எழுது) சேர்த்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

பிப்ரவரி 11, இரவு 10:15

விட்டுப்போன ஒன்று. ஃபில்ப்_ஓப்பன் தோற்றால் நல் (வெற்று முகவரி) வராது. பிழை எண்ணையே பாயின்டர் (முகவரி) வேடத்தில் திருப்பித் தரும். உங்கள் குறிமுறையில் "நல் என்றால் வெளியேறு" என்றுதான் இருக்கிறது. அடைவு இல்லாவிட்டால் -2 வரும். அது நல் இல்லை என்பதால் உங்கள் சோதனையைத் தாண்டிவிடும். அடுத்த வரியில் அந்த முகவரியைத் தொட்டதும் ஊப்ஸ், அதாவது கெர்னல் பிழை. கெர்னல் லாகைக் காட்டும் டிமெசேஜில் எஃப் எஃப் எஃப் என்று நீண்டுபோகும் முகவரியைப் பார்த்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் விழ வேண்டும். முகவரி வெளியின் கடைசி 4095 எண்களைப் பிழைகளுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஈஸ்_எர் கொண்டு சோதியுங்கள், பிடிஆர்_எர் கொண்டு எண்ணை எடுத்து அச்சிடுங்கள். பாதி கேள்விகளுக்கு அந்த எண்ணே பதில் சொல்லிவிடும்: -13 அனுமதி இல்லை, -30 வாசிப்புக்கு மட்டுமான ஃபைல்சிஸ்டம்.

பிப்ரவரி 12, காலை

உறைந்துபோவதற்கு வருகிறேன். இன்டரப்ட் ஹேண்ட்லர் (இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) தூங்கக் கூடாது, அதாவது எதற்காகவும் காத்து நிற்கக் கூடாது. கோப்பில் எழுதுவதோ வழியெல்லாம் தூங்கக்கூடிய வேலை. ஐநோடின் (கெர்னலில் கோப்பைக் குறிக்கும் பதிவு) பூட்டுக்காகக் காத்திருக்கும், பக்கம் ஒதுக்க நினைவகம் கேட்கும், அது கிடைக்காவிட்டால் வேறு பக்கங்களை வட்டுக்குத் தள்ளும்வரை நிற்கும். ஹேண்ட்லரில் நிற்க வழியில்லை, ஏனென்றால் அங்கே மாற்றி ஓட்டுவதற்கு "உங்கள்" பிராசஸ் என்று எதுவுமே இல்லை. அந்த நேரம் சிபியூவில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்றின் முதுகில் ஏறி ஓடுகிறீர்கள். "ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்" என்ற செய்தி வந்தால் அதிர்ஷ்டம். வராமலே உறைந்தால் உங்கள் கதைதான்.

சோதனைக் கெர்னலில் டீபக்_அட்டாமிக்_ஸ்லீப் என்ற விருப்பத்தை இயக்கிக் கம்பைல் செய்யுங்கள். தூங்கக்கூடிய ஃபங்ஷனைக் கூடாத இடத்திலிருந்து கூப்பிட்டாலே, அது உண்மையில் தூங்காவிட்டாலும், கத்தும். ஸ்பின்லாக் என்ற, தூங்கவிடாத பூட்டைப் பிடித்துக்கொண்டு எழுதுவதையும் பிடித்துக்கொடுக்கும். அதுவும் இதே குற்றம்தான்.

வழக்கமான மாற்று: ஹேண்ட்லர் நேரத்தை எடுத்து கேஃபிஃபோ என்ற கெர்னல் வரிசையில் போட்டுவிட்டு ஸ்கெட்யூல்_வொர்க் செய்யட்டும். வொர்க்யூவில், அதாவது கெர்னல் பிறகு ஓட்டும் வேலைப் பட்டியலில், ஓடும் ஃபங்ஷன் அதை எடுத்து எழுதட்டும். போடுபவர் ஒருவர், எடுப்பவர் ஒருவர் என்றிருக்கும்வரை கேஃபிஃபோவுக்குப் பூட்டு வேண்டாம். மாட்யூலைக் கழற்றும்போது ஃப்ரீ_ஐஆர்க்யூ (ஹேண்ட்லரை நீக்குவது) முதலில், கேன்சல்_வொர்க்_சிங்க் (நிலுவை வேலையை நிறுத்துவது) அடுத்தது, ஃபில்ப்_குளோஸ் கடைசி. வரிசை மாறினால் மூடிய கோப்பில் எழுதப் போவீர்கள்.

பிப்ரவரி 12, மாலை

"த்ரெடட் ஐஆர்க்யூ (ஹேண்ட்லரின் வேலையைத் தனி கெர்னல் த்ரெடில் ஓட்டுவது) போட்டால் தூங்கலாமே, வொர்க்யூ எதற்கு?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். தூங்கலாம், அதுவரை சரி. ஆனால் எவ்வளவு நேரம்? அழுக்குப் பக்கங்கள் (வட்டுக்கு இன்னும் போகாத நினைவகப் பக்கங்கள்) அளவுக்கு மேல் சேர்ந்தால் எழுதுகிறவரையே கெர்னல் நிறுத்தி வைக்கும். இயல்பான அமைப்பில் பயன்படுத்தக்கூடிய நினைவகத்தில் 10 சதவீதத்தில் பின்னணியில் எழுதத் தொடங்கும், 20 சதவீதத்தை நெருங்கினால் எழுதுகிறவர்களைக் காக்க வைக்கும். வேறு ஏதோ நிரல் பெரிய கோப்பை நகலெடுத்துக்கொண்டிருந்தால் அந்தத் தண்டனை உங்கள் த்ரெடுக்கும் சேர்த்துத்தான். ஐஆர்க்யூஎஃப்_ஒன்ஷாட் போட்டிருந்தால் த்ரெட் திரும்பும்வரை அந்த இன்டரப்ட் மூடியே கிடக்கும். அதற்குள் பின்னில் வந்த பல துடிப்புகள் ஒன்றாகச் சுருங்கிவிடும். நேரத்தைத் துல்லியமாகக் குறிக்கத்தான் மாட்யூலே எழுதினீர்கள், எழுதுகிற வேலையே அதைக் கெடுத்துவிடும்.

பிப்ரவரி 13

கேட்டவர் திரும்ப வந்து சொல்வது: வொர்க்யூவுக்கு மாற்றியபின் உறையவில்லை, கெர்னல்_ரைட் சரியான எண்ணைத் திருப்புகிறது, ஆனால் கோப்பைக் காணவில்லை!

பெயர் என்ன கொடுத்தீர்கள் என்று பார்த்தேன். வெறும் "லாக்.டிஎக்ஸ்டி". சாய்கோடு இல்லை. அப்படியானால் ரூட் அடைவில் போய்ப் பாருங்கள், அங்கே உட்கார்ந்திருக்கும்.

ஃபில்ப்_ஓப்பன் பெயரை எங்கிருந்து தேடத் தொடங்குகிறது? கரன்ட், அதாவது அந்தக் கணத்தில் ஓடும் பிராசஸின், நடப்பு அடைவிலிருந்து. இன்ஸ்மாட் வழியாக வந்த இனிட் ஃபங்ஷனில் கரன்ட் என்பது இன்ஸ்மாட், ஆகவே நீங்கள் ஷெல்லில் நின்ற அடைவு. வொர்க்யூவில் கரன்ட் ஒரு கெர்னல் த்ரெட், அதன் நடப்பு அடைவு ரூட். குறிமுறையில் அதே வரிதான், கோப்பு மட்டும் வேறு இடத்தில்.

அனுமதியும் அப்படியே. 0666 என்று கொடுத்தால் அதிலிருந்து கரன்ட்டின் யூமாஸ்க் (தர வேண்டாத அனுமதிகளின் எண்) கழியும். உங்கள் ஷெல்லில் 0077 இருந்தால் இனிட்டில் திறந்த கோப்பு 0600 ஆகும். கெர்னல் த்ரெடில் யூமாஸ்க் 0022 என்றிருந்தால் அங்கே திறப்பது 0644. யாரோ ஒரு பயனரின் ஐஆக்டில் (சாதனத்துக்கு இடும் சிறப்புக் கட்டளை) அழைப்பு வழியாக உள்ளே வந்து திறந்தால் அவருடைய உரிமைகள்தான் செல்லும். ரூட் பயனராகச் சோதித்தபோது ஓடியது வாடிக்கையாளரிடம் போனதும் -13 தருவது இதனால்தான். அந்தப் பயனர் கன்டெய்னருக்குள் (தனக்கென்று அடைவு மரம் கொண்ட ஒதுக்கிய சூழல்) இருந்தால் பாதையே கன்டெய்னரின் பாதை. ஹோஸ்டில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

நேற்று வரை நான் சொன்னதெல்லாம் "எப்படித் தூங்குவது" என்ற அளவில்தான். இப்போது யோசித்தால் அது சின்னப் பிரச்சினை, வொர்க்யூ போட்டால் தீர்ந்துவிடும். யாருடைய அடைவு, யாருடைய உரிமை, யாருடைய பார்வையில் ரூட் என்பதுதான் தீராத பகுதி. பயனர் நிரலுக்கு இவற்றுக்கெல்லாம் விடை பிறக்கும்போதே கையில் இருக்கிறது. மாட்யூல் யாருடையதையாவது இரவல் வாங்கித்தான் ஆக வேண்டும்.

பிப்ரவரி 13, பிறகு

டிஎம்பி அடைவில் நிலையான பெயர் வேண்டாம். யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறு கோப்பைக் காட்டும் சுட்டி) வைத்துவிட்டுப் போகலாம், நீங்கள் கெர்னல் அதிகாரத்தோடு அது காட்டும் இடத்தில் எழுதுவீர்கள். ஓ_நோஃபாலோ (சிம்லிங்கைப் பின்தொடராதே), ஓ_எக்ஸ்க்ல் (ஏற்கெனவே இருந்தால் திறக்காதே) எல்லாம் உண்டு, ஆனால் ரூட் பயனருக்கு மட்டும் சொந்தமான அடைவில் வைத்தால் பேச்சே இல்லை.

பிப்ரவரி 15

செட்_எஃப்எஸ்ஸை ஏன் தூக்கினார்கள், இருந்துவிட்டுப் போகட்டுமே என்கிறார் ஒருவர். அந்த எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் அல்ல, 386 சில்லின் ஒரு செக்மென்ட் ரெஜிஸ்டர். பயனரின் நினைவகத்தைத் தொட ஆரம்ப கால லினக்ஸ் அதைப் பயன்படுத்தியது. பிற்பாடு "இந்த எல்லைக்குள் உள்ள முகவரி மட்டுமே பயனருடையது" என்ற வரம்பாக மாறியது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. செட்_எஃப்எஸ்(கெர்னல்_டிஎஸ்) என்றால் அந்த வரம்பையே தூக்கிவிடு என்று பொருள். விஎஃப்எஸ்_ரைட் பயனர் பாயின்டரைத்தான் எதிர்பார்க்கும், நம்மிடம் இருப்பது கெர்னல் பாயின்டர், அதனால் காவலை எழுப்பி அனுப்பிவிட்டு உள்ளே நுழைந்தோம். நுழைந்தவர் காவலைத் திரும்ப நிறுத்த மறந்தால்?

மறக்கக்கூட வேண்டாம். சிவிஇ-2010-4258 என்ற பாதுகாப்பு ஓட்டையைப் பாருங்கள். வரம்பு தூக்கப்பட்ட நிலையில் கெர்னல் ஊப்ஸ் ஆனால் அந்த பிராசஸைக் கொல்ல டூ_எக்ஸிட் ஓடும். அது போகிற போக்கில் பயனர் முன்பே சொல்லிவைத்த ஒரு முகவரியில் பூஜ்ஜியம் எழுதும். வழக்கமாக அது பயனர் முகவரிதானா என்று சோதிக்கப்படும். வரம்பு தூக்கியே இருப்பதால் சோதனை கண்ணை மூடிக்கொள்ளும். கெர்னலில் நாம் விரும்பிய இடத்தில் ஒரு பூஜ்ஜியம்! ரூட் ஆவதற்கு அது போதும்.

பிப்ரவரி 16

விண்டோஸ் டிரைவர் எழுதும் நண்பர் சிரிக்கிறார். "எங்களிடம் இசட்டபிள்யூகிரியேட்ஃபைல் இருக்கிறது, ஆவணத்திலேயே போட்டிருக்கிறார்கள், யாரும் திட்டுவதில்லை." உண்மை. ஆனால் அங்கேயும் விதிகளைப் படியுங்கள்: பேசிவ் லெவல் என்ற மிகத் தாழ்ந்த முன்னுரிமை நிலையில் மட்டுமே கூப்பிடலாம், ஆக இன்டரப்டில் கூடாது. திறந்த கோப்பின் கைப்பிடியை ஓபிஜே_கெர்னல்_ஹேண்டில் என்று குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த நேரம் ஓடும் பிராசஸின் அட்டவணையில் விழுந்து பயனர் கைக்குப் போகும். பூட் தொடக்கத்தில் ஏறும் டிரைவருக்கு சி டிரைவ் என்ற பெயரே இன்னும் பிறந்திருக்காது. மினிஃபில்டர் (கோப்பு வேலைகளை இடைமறிக்கும் டிரைவர்) எழுதுகிறவர் இதைக் கூப்பிட்டால் தன் ஃபில்டருக்குள்ளேயே சுற்றி வருவார், அதற்கென்று எஃப்எல்டிகிரியேட்ஃபைல் தனி. அதே கேள்விகள்தான், அவர்கள் விதியாக எழுதி வைத்துவிட்டார்கள், லினக்ஸ்காரர்கள் திட்டோடு நிறுத்திக்கொண்டார்கள்.

திட்டுவதிலும் கலை உண்டு. ஆண்ட்ராய்டின் பொதுக் கெர்னலில் இந்த ஃபங்ஷன்களை ஒரு தனிப் பெயர்வெளியில் போட்டு வைத்திருக்கிறார்கள். வேண்டுமென்றால் அந்தப் பெயர்வெளியைப் பெயர் சொல்லி உங்கள் மாட்யூலில் சேர்க்க வேண்டும். பெயரைத் தமிழில் சொன்னால் "விஎஃப்எஸ்ஸின் உள்விவகாரம், நான் உண்மையிலேயே ஒரு ஃபைல்சிஸ்டம், டிரைவர் அல்ல". அதை உங்கள் சோர்ஸில் கைப்பட எழுதிக் கையெழுத்திட வேண்டும். பத்திரப்பதிவு மாதிரி.

பிப்ரவரி 18

"கெர்னலே எழுதுகிறதே, அதற்கு யார் அனுமதி தந்தது?" நல்ல கேள்வி, இரண்டு நாளாக மனதில் ஓடுகிறது.

ஆமாம், எழுதுகிறது. கோர்டம்ப் (விழுந்த நிரலின் நினைவகப் பிரதி) எழுதுகிறது. பிராசஸ் கணக்கு எழுதுகிறது. லூப் சாதனம் கோப்பின் மேல் ஒரு வட்டையே நடத்துகிறது. ஸ்வாப் கோப்பு இருக்கிறது. 5.15-இல் வந்த கேஎஸ்எம்பிடி (விண்டோஸ் பாணிக் கோப்புப் பகிர்வு சர்வர்), அதற்கெல்லாம் முன்பே இருக்கும் என்எஃப்எஸ் சர்வர், இரண்டும் நாளெல்லாம் கோப்பு எழுதுவதே தொழிலாக வைத்திருக்கின்றன.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. எதுவும் கோப்பின் பெயரைத் தானாக முடிவு செய்யவில்லை. கோர்டம்ப்பின் பெயர் வடிவம் கோர்_பேட்டர்ன் என்ற சிஸ்கண்ட்ரோல் (பயனர் மாற்றக்கூடிய கெர்னல் அமைப்பு) வழியாக வருகிறது. கணக்குக் கோப்பின் பெயரை அக்ட் என்ற சிஸ்டம் கால் கொண்டுவருகிறது. லூப்புக்குப் பெயரே போவதில்லை, பயனர் ஏற்கெனவே திறந்து வைத்த கோப்பின் எண்ணைக் கையில் கொடுக்கிறார். ஸ்வாப்புக்கு ஸ்வாப்ஆன். என்எஃப்எஸ்ஸுக்கு ஏற்றுமதிப் பட்டியல்.

ஆகவே "கெர்னலில் கோப்பு எழுதாதே" என்பதை நான் இனி அப்படியே சொல்லப் போவதில்லை. பெயரைக் குறிமுறைக்குள் பொறிக்காதே என்பதுதான் விஷயம். மாட்யூலே எழுதியாக வேண்டுமென்றால் லூப் செய்வதைச் செய்யுங்கள்: ஒரு ஐஆக்டில் வையுங்கள், திறந்த கோப்பின் எண்ணை வாங்குங்கள், எஃப்கெட் செய்து வைத்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் எஃப்புட் செய்து விட்டுவிடுங்கள். பாதை, உரிமை, யூமாஸ்க், கன்டெய்னர் எல்லாம் திறந்தவர் பாடு. எழுதும் திறப்புதானா என்று கெர்னல்_ரைட்டே பார்த்துக்கொள்ளும்.

பிப்ரவரி 18, அதைத் தொடர்ந்து

ஒரு எச்சரிக்கை: எந்தக் கோப்பு எண்ணும் ஓடும் என்று நினைக்க வேண்டாம். 5.10-இலிருந்து கெர்னல்_ரைட், ரைட்_இட்டர் என்ற புதிய வகை எழுதும் ஃபங்ஷன் உள்ள கோப்புகளை மட்டும் ஏற்கும். பழைய பாணியில் ரைட் மட்டும் வைத்திருக்கும் சாதனக் கோப்பைக் கொடுத்தால் ஆதரவில்லை என்று லாகில் எழுதிவிட்டு -22 திருப்பும். சாதாரண வட்டுக் கோப்புகளுக்குப் பிரச்சினை இல்லை.

பிப்ரவரி 20

முன்பு ஒரு நிறுவனத்தின் டிரைவரோடு பட்ட பாடு நினைவுக்கு வருகிறது. போர்டை அணைக்கும்போது தரவுப் பார்ட்டிஷனை அன்மவுன்ட் செய்ய முடியவில்லை, "டார்கெட் பிஸி". எந்த பிராசஸ் கோப்பைத் திறந்திருக்கிறது என்று காட்டும் எல்எஸ்ஓஎஃப் போட்டால் காலி. ஃப்யூசர் போட்டால் காலி. எல்லா பிராசஸையும் கொன்ற பிறகும் பிஸி. அடுத்த முறை எழும்போது ஜர்னல் ரீப்ளே, எப்போதாவது எஃப்எஸ்சிகே (ஃபைல்சிஸ்டம் சோதனை). கடைசியில் எல்எஸ்மாட் தரும் மாட்யூல் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கழற்றியபோது ஒன்றைக் கழற்றியதும் அன்மவுன்ட் ஆனது. உள்ளே ஃபில்ப்_ஓப்பன் செய்து லாக் கோப்பைத் திறந்தே வைத்திருந்தார்கள்.

எல்எஸ்ஓஎஃப் பொய் சொல்லவில்லை. அது ப்ராக் அடைவில் ஒவ்வொரு பிராசஸின் கோப்பு எண்களைப் பார்க்கிறது. மாட்யூல் திறந்தது எந்த பிராசஸின் அட்டவணையிலும் இல்லை, வெறும் பாயின்டராக மாட்யூலின் ஒரு மாறியில் கிடக்கிறது. வெளியிலிருந்து பார்க்க வழியே இல்லை. திறந்து, எழுதி, உடனே மூடினால் இது வராது, ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பாதை தேடும் செலவு வரும்.

பிப்ரவரி 21

"இயந்திரம் விழும்போது என்ன நடந்தது என்று தெரிய வேண்டும், அதற்காகத்தான் கோப்பில் எழுதுகிறேன்" என்று புதிதாக ஒருவர். அதற்கு இது உதவாது. கெர்னல்_ரைட் திரும்பிவிட்டது என்றால் பேஜ் கேஷில் (நினைவகத்தில் உள்ள கோப்பு நகல்) விழுந்தது என்றுதான் பொருள். அழுக்குப் பக்கம் இயல்பாக 30 விநாடி பழையதான பிறகே வட்டுக்குப் போகத் தகுதி பெறும். பேனிக் ஆனால் (கெர்னலே விழுந்தால்) உங்களுக்கு வேண்டிய கடைசி 30 விநாடிதான் காணாமல் போகும். விஎஃப்எஸ்_எஃப்சிங்க் ஒவ்வொரு வரிக்கும் போடலாம், வேகம் படுத்துவிடும், பேனிக் கணத்தில் அதுவும் ஓடாது. அதற்கென்றே பிஸ்டோர் இருக்கிறது. ராமூப்ஸை அமைத்தால் ரீபூட்டுக்கும் அழியாத நினைவகப் பகுதியில் கெர்னல் லாகின் வால் தங்கும், எழுந்தபின் கோப்பாகப் படிக்கலாம்.

பிளாக் டிரைவர் எழுதுகிறவர்களுக்குத் தனியாக: உங்கள் வட்டின் மேலேயே லாக் எழுத நினைக்காதீர்கள். எழுத நினைவகம் வேண்டும், நினைவகம் தர பக்கங்களை வட்டுக்குத் தள்ள வேண்டும், வட்டு நீங்கள். உங்களுக்காக நீங்களே காத்திருப்பீர்கள்.

பிப்ரவரி 24

கேட்டவர் மனம் மாறி மிஸ்க் சாதனம் (மாட்யூல் உருவாக்கும் எளிய சாதனக் கோப்பு) ஒன்று வைத்துவிட்டார். ஹேண்ட்லர் கேஃபிஃபோவில் போடுகிறது, ரீட் எடுத்துக் கொடுக்கிறது, வெளியே ஒரு கேட் கட்டளை, வெளியீடு கோப்புக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கிறது. தனி நிரல் வேண்டாம் என்றவருக்குப் புதிதாக எழுத வேண்டியிருந்தது ஒரு வரி ஷெல். கோப்பு எங்கே, யார் உரிமையில், எப்போது சுழற்றுவது என்பதெல்லாம் அந்த வரியில். ஓனர் இடத்தில் திஸ்_மாட்யூல் இருப்பதால் கேட் ஓடும்வரை ஆர்எம்மாட் (மாட்யூலைக் கழற்றும் கட்டளை) மறுக்கும். எல்எஸ்ஓஎஃப்பிலும் தெரியும்.

வெறும் பிழை தேடலுக்கென்றால் இதுகூட வேண்டாம், ட்ரேஸ்_பிரின்ட்கே போட்டு ட்ரேஸ்எஃப்எஸ்ஸில் படித்துக்கொள்ளலாம். அதை ஹேண்ட்லரிலிருந்தும் தாராளமாகக் கூப்பிடலாம்.

பிப்ரவரி 25

"கேட் உடனே முடிந்துவிடுகிறது." கேஃபிஃபோ காலியாக இருந்தால் ரீட் பூஜ்ஜியம் திருப்புகிறது, கேட் அதைக் கோப்பின் முடிவு என்று எடுத்துக்கொள்கிறது. வெயிட்_ஈவென்ட்_இன்டரப்டிபிள் போட்டுக் காத்திருங்கள், ஹேண்ட்லரில் வேக்_அப். அது பூஜ்ஜியமல்லாத எண்ணைத் தந்தால் -ஈரீஸ்டார்ட்சிஸ் திருப்புங்கள், இல்லாவிட்டால் கன்ட்ரோல்-சி வேலை செய்யாமல் போகலாம்.

இன்னொன்று, கேஃபிஃபோ நிரம்பினால் உள்ளே போடும் அழைப்பு பூஜ்ஜியம் திருப்பும். அதைக் கவனிக்காமல் விட்டால் துடிப்பு காணாமல் போனதே தெரியாது. ஹேண்ட்லரில் ஒரு எண்ணியை வைத்து, தவறவிட்டவற்றை எண்ணி, அடுத்து வெற்றிகரமாகப் போடும் பதிவோடு அந்த எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள்.